எஞ்சின் கவர் பாலிஷ்: உப்புக்காற்று அடிக்கும் ஊரில் வெறும் அலுமினியத்தைக் காப்பது

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, துணி வீலைச் சுழற்றி உலோகத்தை மினுக்குகிற பஃபிங் மோட்டார் வைத்திருக்கிறேன். குத்துவிளக்கும் எவர்சில்வர் பாத்திரமும்தான் என் கை பழகிய வேலை. அப்புறம் பழைய புல்லட், எஸ்டி, ஆர்எக்ஸ் 100 என்று பைக்கை வாங்கி, பிரித்து, தன் இஷ்டத்துக்கு வண்டி கட்டுகிற பையன்கள் வர ஆரம்பித்தார்கள். இப்போது விளக்கைவிட எஞ்சின் கவர்தான் அதிகம் வருகிறது. எல்லாரும் சொல்வது ஒன்றே: "அண்ணாச்சி, பார்த்தா முகம் தெரியணும்." நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றே: "வண்டி எந்த ஊர்ல நிக்கும்?"

பாளையங்கோட்டையில் வீட்டுக்குள் நிற்கிற வண்டிக்கும் உவரியில் கடற்கரைப் பக்கம் நிற்கிற வண்டிக்கும் ஒரே வேலை செய்து கொடுத்தால், உவரி வண்டி ஒரு மழைக்காலத்துக்குள் வெள்ளை பூத்துத் திரும்பி வரும். முகம் தெரிய வைப்பது ஒரு நாள் பாடு. அது தெரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்றால் ஊரையும் தண்ணியையும் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அலுமினியம் காற்றுப் பட்ட உடனே தன் மேல் ஒரு ஆக்சைடு படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. சில நானோமீட்டர் தடிமன்தான், கண்ணுக்குத் தெரியாது. இரும்புத் துரு செதில் செதிலாக உதிர்ந்து உள்ளே உள்ளே போகும். இந்தப் படலம் உதிராமல் ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கும். பி.எச் அளவு சுமார் 4-லிருந்து 8.5 வரை இருந்தால் படலத்துக்கு ஒன்றும் ஆகாது. அதைவிடப் புளிப்பானாலும் கரையும், காரமானாலும் கரையும். உப்பு வேறு விதம். அதிலுள்ள குளோரைடு படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைத்து உள்ளே குழி தோண்டும். வெளியே பார்த்தால் வெள்ளைப் பொடி. துடைத்தால் போய்விடும், ஆனால் குழி அங்கேயே இருக்கும்.

அதனால் வீட்டில் இருப்பதை வைத்து ஆரம்பிக்காதீர்கள். பித்தளை விளக்குக்குப் புளி நல்லதுதான், அலுமினியத்துக்கு ஆகாது. டாய்லெட் ஆசிட், காஸ்டிக் சோடா, அடுப்புக் கறை எடுக்கிற காரக் கரைசல் எல்லாம் அலுமினியத்தைத் தின்னும். போட்டதும் நுரைத்து அழுக்கு போன மாதிரி இருக்கும். போனது அழுக்கு மட்டுமில்லை, மேல்தோலும்தான். காய்ந்த பிறகு மங்கலான சாம்பல் நிறம் வந்து நிற்கும், அதைத் திரும்பப் பேப்பர் (உப்புத்தாள்) போட்டுத்தான் எடுக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் பவுடரும் வேண்டாம், கீறல் ஒரே அளவில் விழாது.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

கிளட்ச் கவர், டைமிங் கவர், கியர்பாக்ஸ் கவர், முன் ஃபோர்க்கின் கீழ்க்கால், பிரேக் டிரம் ஹப், கார்புரேட்டர் மூடி: இவையெல்லாம் தாராளமாக மினுக்கலாம். எஞ்சினின் ஹெட்டிலும் பிளாக்கிலும் வரிவரியாக நின்று சூட்டை வெளியே விடுகிற ஃபின்னை மினுக்கச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். பளபளப்பான அலுமினியம் வெப்பத்தைக் கதிராக வெளியே விடுவது மிகக் குறைவு. கறுப்பு பெயிண்ட் அடித்த மேற்பரப்பு அதைவிடப் பல மடங்கு விடும். ஓடுகிற வண்டியில் காற்றுதான் பெரும்பாலான சூட்டை எடுத்துப்போகிறது என்பது உண்மை. ஆனால் சித்திரை மாதம் சந்திப்பு மேம்பாலத்துப் பக்கம் டிராஃபிக்கில் நிற்கும்போது காற்று எங்கே இருக்கிறது? ஆசைப்பட்டால் ஃபின்னின் வெளி விளிம்பை மட்டும் மினுக்கிக்கொள்ளுங்கள், இடுக்கை விட்டுவிடுங்கள்.

கிராங்க்கேஸில் எஞ்சின் நம்பர் குத்தியிருக்கும் இடத்தைப் பேப்பரோ வீலோ தொடவே கூடாது. பதினைந்து வருடம் கழித்து ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது அங்கே நம்பரைப் பார்ப்பார்கள். மழுங்கிப்போன நம்பரைக் காட்டிவிட்டு "பாலிஷ் போட்டேன் சார்" என்றால் யாரும் கேட்கப் போவதில்லை. அந்த இடத்தை ஒரு துண்டுத் தகரத்தால் மூடி டேப் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கேஸ்கெட் உட்காரும் முகமும் அப்படித்தான். அங்கே ஒரு ஓரம் உருண்டாலும் ஆயில் கசியும்.

உலோகமும் எல்லாம் ஒன்றில்லை. எஞ்சின் கவர்கள் வார்ப்பு. உருக்கி ஊற்றும்போது ஓட்டம் நன்றாக வர வேண்டும் என்று வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கான் சேர்த்திருப்பார்கள். எல்எம் 6 என்ற ரகத்தில் 10 முதல் 13 சதவீதம் வரை இருக்கும். சிலிக்கான் கூடக்கூட பளபளப்பில் ஒரு சாம்பல் சாயல் வரும். எவ்வளவு தேய்த்தாலும் அது கண்ணாடி வெள்ளையாகாது. சிஎன்சி மெஷினில் முழுக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த ஃபோர்க் யோக், ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட் போன்றவை பெரும்பாலும் கடைக்காரர் எச்ஈ 30 என்று சொல்லும் ரகம். அதில் நிஜமாகவே மீசை முடியை எண்ணலாம். இரண்டையும் ஒரே வண்டியில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டிவிட்டு கவர் மட்டும் மங்கலாக இருக்கிறதே என்று பாலிஷ்காரனைத் திட்டுவது நியாயம் இல்லை.

கழற்றிக் கழுவுவது

வண்டியில் இருக்கும்போதே மினுக்கப் பார்க்காதீர்கள். பேப்பர் தூளும் பாலிஷ் மசியும் ஆயில் சீலுக்குள் போகும். பழைய காஸ்ட் அயன் எஞ்சின் புல்லட்டின் பிரைமரி கவர் நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டில் நிற்பது. ஆயிலை வடித்துவிட்டு நட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். மற்றவற்றில் ஸ்க்ரூ இருக்கும். பழைய ஸ்க்ரூ தலை வழுக்கிப்போயிருந்தால் இம்பாக்ட் டிரைவரை வைத்து ஒரு தட்டுத் தட்டுங்கள். ஸ்க்ரூக்களின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு அட்டையில் கவரின் படத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் ஸ்க்ரூவைக் குத்தி வைத்துவிடுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் கேஸ் விரிசல் விடும், அப்புறம் பாலிஷ் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை.

டீசலில் ஊறப்போட்டு பிரஷ் போட்டுக் கழுவி, அப்புறம் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் ஒரு தடவை. எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தால் பேப்பர் அடைத்துக்கொள்ளும்.

சில கவர்கள் கம்பெனியிலேயே மினுக்கி மேலே கிளியர் லாக்கர் அடித்து வந்திருக்கும். வெயிலில் சாய்த்துப் பாருங்கள். லேசான மஞ்சள் படிந்து, அதற்கடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளைக் கோடுகள் வளைந்து வளைந்து போயிருந்தால் லாக்கர் இருக்கிறது. கல் பட்டு ஒரு சில்லு பெயர்ந்த இடத்தில் ஈரமும் உப்பும் நுழைந்து, படலத்துக்கு அடியிலேயே நகர்ந்துபோன அரிப்பு அது. பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, மரச் சில்லால் வழித்தெடுங்கள். இரும்பு ஸ்கிராப்பர் வேண்டாம். லாக்கரை முழுக்க எடுக்காமல் பேப்பர் போட்டால் திட்டுத் திட்டாக வரும்.

பேப்பர் வேலை

வேலையில் முக்கால்வாசி இங்கேதான். வீல் எல்லாவற்றையும் சரி செய்துவிடும் என்று நினைத்து இந்த இடத்தை ஓட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். வீல் கீறலை எடுக்காது. கீறலின் விளிம்பை உருட்டி, அதையும் சேர்த்துப் பளபளப்பாக்கிவிடும். மேகம் படிந்த மாதிரி ஒரு மினுமினுப்பு வரும், வெயிலில் கோடுகள் எல்லாம் எழுந்து நிற்கும்.

வண்டி விழுந்து உரசிய ஆழமான காயம் இருந்தால் முதலில் நுண் அரம். அரத்தின் பல்லில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் அலுமினியத் துணுக்கு பல்லில் சிக்கி புதுக் கீறல் போடாது. வெள்ளை பூத்த குழிகளை அடிவரை எடுக்க வேண்டும். மேலே மட்டும் மினுக்கினால் குழிக்குள் தங்கிய உப்பு மறுபடி வேலையைத் தொடங்கும். அதே சமயம் வார்ப்பின் தோலுக்குக் கீழே இயல்பாகவே ஊசித்துளைகள் இருக்கும். தோண்டத் தோண்டப் புதுத்துளை திறக்கும். எதை எடுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது கைக்குத் தெரிய வேண்டும். ஒரு ஊசித்துளைக்காக முழுக் கவரையும் மெலிய வைக்காதீர்கள்.

அப்புறம் வாட்டர் பேப்பர். நம்பர் கூடக்கூட பேப்பர் நைசாகும். காயம் அதிகமானால் 220-ல் ஆரம்பியுங்கள், சுமாரான கவருக்கு 320 போதும். அடுத்து 400, 600, 800, 1000. கண்ணாடி மாதிரி வேண்டும் என்றால் 1500, 2000 வரை. பக்கெட் தண்ணியில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு அதில் நனைத்து நனைத்துத் தேயுங்கள். பழைய ஆட்கள் மண்ணெண்ணெய் பயன்படுத்துவார்கள், பேப்பர் அடைக்காது, ஆனால் நாற்றமும் தீப்பயமும் உண்டு. தட்டையான இடத்தில் பேப்பருக்குப் பின்னால் ஒரு ரப்பர் கட்டை கொடுங்கள். வளைவில் விரலை வைத்துத் தேய்த்தால் விரல் தடமே பள்ளமாக விழும், உள்ளங்கையை விரித்து வையுங்கள்.

ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றுங்கள். 320-ஐ நெடுக்கில் தேய்த்தால் 400-ஐக் குறுக்கில். குறுக்கில் தேய்க்கும்போது நெடுக்குக் கோடு ஒன்றாவது தெரிகிற வரை அடுத்த பேப்பருக்குக் கையை நீட்டாதீர்கள். இதைப் பார்க்க என்னிடம் ஒரு டியூப்லைட் இருக்கிறது, பெஞ்சுக்கு மேலே தாழ்வாகக் கட்டியது. கவரைக் கழுவித் துடைத்து அதன் கீழே பிடித்து மெதுவாகச் சாய்ப்பேன். டியூப்லைட்டின் பிம்பம் கவரின் மேல் ஒரு வெள்ளைப் பட்டையாக நகரும். பட்டையின் ஓரம் நகர்கிற இடத்தில் பழைய கோடு இருந்தால் நூல் மாதிரிப் பளிச்சென்று ஒரு கணம் எழும், தாண்டியதும் அணையும். அந்த இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, முந்தின நம்பருக்குத் திரும்பிப் போக வேண்டும். அடுத்த நம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது அங்கேயேதான் இருக்கும். நம்பர் மாறும்போது தண்ணியையும் மாற்றுங்கள். பக்கெட்டின் அடியில் கிடக்கிற ஒரு 220 துகள் போதும், 1000-த்தில் செய்த வேலையைக் கெடுக்க.

கடலோரத்துப் பையன்களுக்கு நான் இங்கேயே நிறுத்தச் சொல்வேன். 600 முடித்து, சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட்டை ஒரே திசையில் இழுத்தால் பட்டு மாதிரி மங்கல் பளபளப்பு வரும். திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கூடங்குளம் பக்கம் நிற்கிற வண்டிக்கு அதுதான் பொருத்தம். புள்ளி விழுந்தால் வீட்டிலேயே அதே ஸ்காட்ச் பிரைட்டை நாலு இழுப்பு இழுத்துவிடலாம். முகம் தெரிகிற பாலிஷில் ஒரு புள்ளி விழுந்தால் மொத்தக் கவரும் வீலுக்கு வர வேண்டும். இதைச் சொன்னால் பாதிப்பேர் முகம் வாடும். கேட்டுப்போனவர்கள் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

வீல்

என் மோட்டார் 2800 சுற்று, வீல் 8 அங்குலம். அதன் விளிம்பு நொடிக்குச் சுமார் 30 மீட்டர் ஓடுகிறது, அதாவது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் கவரின் ஓரம் வீலில் சிக்கினால் கையிலிருந்து பிடுங்கி எறிந்துவிடும். எதிரே நிற்பது வயிறு. அதனால் வீலின் மையத்துக்குக் கீழ்ப்பாதியில்தான் பொருளைக் கொடுக்க வேண்டும், பிடுங்கினாலும் தரைக்குப் போகும். விளிம்பை வீலுக்கு எதிராகக் காட்டவே கூடாது, வீல் விளிம்பைத் தாண்டி வெளியே ஓடுகிற மாதிரிப் பிடியுங்கள். கைலி, தோளில் துண்டு, கழுத்தில் சங்கிலி, துணிக் கையுறை எதுவும் கிட்ட வரக்கூடாது. பெல்ட் போட்ட பேண்ட், கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி.

ஆங்கிள் கிரைண்டரில் பஃப் மாட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். 4 அங்குல கிரைண்டர் 11,000 சுற்று ஓடும், விளிம்பு வேகம் என் மோட்டாரைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பஃப் வீல் அந்த வேகத்துக்குச் செய்ததில்லை, அலுமினியமும் ஒரே இடத்தில் சுட்டுக் கறுக்கும். வீட்டில் செய்வதானால் டிரில் மெஷினில் சின்ன பஃப் மாட்டுங்கள், அது போதும்.

அலுமினியத் தூள் பற்றி ஒரு விஷயம். மிக நுண்ணிய தூள் காற்றில் மிதந்தால் பொறி பட்டு வெடிக்கக்கூடியது. இரும்புத் துருவும் அலுமினியத் தூளும் கலந்த கலவை பற்றினால் எரிகிற சூடு ரயில் தண்டவாளத்தையே உருக்கி ஒட்டவைக்கும். அதனால் இரும்பு கிரைண்டிங் ஒரு மூலை, அலுமினிய பஃபிங் வேறு மூலை. தினமும் பெருக்கி அள்ள வேண்டும். பீடி, சிகரெட்டுக்கு வெளியே இடம் இருக்கிறது.

முதலில் சிசால் வீல், நார்க் கயிறு மாதிரிச் சொரசொரப்பானது, கூட பிரவுன் சோப்பு. சோப்பு என்று நாங்கள் சொல்வது வீலில் தடவுகிற பாலிஷ் கட்டியை. 800 வரை ஒழுங்காகப் பேப்பர் போட்டிருந்தால் பல கவர்களுக்கு இதைத் தாண்டிவிடலாம். அடுத்து தையல் போட்ட காட்டன் வீல். கடைசியில் தையல் இல்லாத தளர்ந்த காட்டன் வீல், வெள்ளை சோப்பு. சோப்பின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அலுமினியத்துக்கு என்று கேட்டு வாங்குங்கள். ஒரு சோப்புக்கு ஒரு வீல், கலக்கக் கூடாது. சோப்பை வீலில் ஒரு நொடி தொட்டு எடுத்தால் போதும். அதிகம் போட்டால் கவரில் கறுப்பு மெழுகாக அப்பிக்கொள்ளும். வீல் மினுமினுவென்று இறுகிப்போனால் ஓடும்போதே பழைய ஆக்சா பிளேடின் பல்லைக் காட்டிச் சீவி விடுங்கள், பஞ்சு திரும்ப எழும்.

கீறல் எடுக்கும்போது பொருளை வீலின் ஓட்டத்துக்கு எதிராக நகர்த்த வேண்டும், கொஞ்சம் அழுத்தத்தோடு. நிறம் ஏற்றும்போது, அதாவது கடைசிப் பளபளப்பு கொடுக்கும்போது, ஓட்டத்தோடு சேர்ந்து, தொட்டும் தொடாமலும். ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். அலுமினியம் சூட்டைச் சட்டென்று பரப்பும், மெல்லிய கவர் வளைந்துவிடும். கை பொறுக்காத அளவுக்குச் சுட்டால் கீழே வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

மோட்டாரே இல்லை என்றாலும் வழி இருக்கிறது. 2000 வரை பேப்பர் போட்டு, ஆட்டோசால் போன்ற மெட்டல் பாலிஷைப் பனியன் வேஸ்டில் எடுத்துச் சின்ன வட்டங்களாகத் தேய்த்தால் கையாலேயே நல்ல பளபளப்பு வரும். துணி கறுப்பாகிக்கொண்டே இருக்கும். அது அழுக்கில்லை, தேய்ந்து வருகிற அலுமினியம். கறுப்பு நிற்கிற வரை தேய்ப்பேன் என்று உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும். பளபளப்பைப் பார்த்து நிறுத்துங்கள்.

மசி எடுப்பது

எழுத்து, ஸ்க்ரூ குழி, ஓர மடிப்பு எல்லாவற்றிலும் சோப்பு மசி உட்கார்ந்திருக்கும். மேலே மெழுகு போட்டால் அடியில் மாட்டிக்கொள்ளும். முதலில் கைப்பிடி மைதாவைத் தூவி, சுத்தமான பனியன் வேஸ்டால் லேசாகத் துடைப்பேன். மைதா எண்ணெய்ப் பசையை உறிஞ்சிக்கொண்டு உதிரும், கீறாது. பக்கத்துப் பரோட்டாக் கடையில் ஒரு பொட்டலம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், மாஸ்டருக்கு இதில் எப்போதும் சிரிப்பு. அதன்பின் இளஞ்சூட்டு சோப்பு நீர், நல்ல தண்ணி, ஊதிக் காயவைத்தல், கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. இதற்குப் பிறகு வெறும் விரல் படக்கூடாது. வேர்வையிலும் உப்புதான்.

மேல் பூச்சு

கிளியர் லாக்கர் அடிக்கலாமா என்று கேட்காத ஆளில்லை. நான் அடிப்பதில்லை. பெயிண்ட் பிடிக்கச் சொரசொரப்பு வேண்டும், நாமோ அதை முழுக்க எடுத்துவிட்டு நிற்கிறோம். இரண்டு பாகம் கலந்து அடிக்கிற பியூ (பாலியூரித்தேன்) கிளியர் சாதா லாக்கரைவிட நன்றாகப் பிடிக்கும், ஆனாலும் கல் தெறித்து ஒரு சில்லு போனால் மேலே சொன்ன அந்தப் புழுத் தடம் தொடங்கும். அதைச் சரி செய்ய முழுப் பூச்சையும் உரித்து, முதல் பேப்பரிலிருந்து வர வேண்டும். கிளியர் பவுடர் கோட்டிங் இன்னும் உறுதி. ஆனால் அதை 180 முதல் 200 டிகிரி வரை சூடாக்கித்தான் இறுக்குவார்கள். வருடக்கணக்கில் ஆயிலில் ஊறிய பழைய கவரின் துளைகளிலிருந்து அந்தச் சூட்டில் எண்ணெய் கசிந்து குமிழ் விடும். கண்ணாடிப் பளபளப்பும் ஒரு படி குறையும். அனோடைசிங், அதாவது மின்சாரம் விட்டு ஆக்சைடு படலத்தைத் தடிமனாக்குவது, எச்ஈ 30-ல் கடைந்த பொருளுக்கு அருமை. சிலிக்கான் அதிகமுள்ள வார்ப்புக் கவரைக் கொடுத்தால் கருஞ்சாம்பலாகத் திரும்பி வரும்.

நான் போடுவது மெழுகு. கார்னபா கலந்த கார் மெழுகு, மெல்லியதாக ஒரு பூச்சு, காய்ந்ததும் துடைத்து, ஒரு மணி நேரம் விட்டு இன்னொன்று. கார்னபா உருகுவது 82 முதல் 86 டிகிரி சூட்டில். அதனால் பிரைமரி கவர், கியர்பாக்ஸ் கவர், ஃபோர்க் காலில் நிற்கும், ஹெட் பக்கத்தில் நிற்காது. செராமிக் பூச்சு அதைவிட அதிக நாள் தாங்கும், விலையும் அதற்குத் தக்கபடி. எதைப் போட்டாலும் வெறும் உலோகத்தின் மேல் நீங்களே எடுத்து நீங்களே போடக்கூடியதாக இருக்கட்டும் என்பது என் கட்சி.

திரும்ப மாட்டும்போது ஸ்டெயின்லெஸ் ஆலன் போல்ட் போடத்தான் எல்லாருக்கும் ஆசை. அழகாகத்தான் இருக்கும். ஆனால் உப்பு ஈரம் பட்டால் ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே பேட்டரி மாதிரி மின்னோட்டம் உண்டாகி, அரிபடுவது அலுமினியமாக இருக்கும். போல்ட் தலையைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் அதுதான். மரையில், இறுகிப் பிடிக்காமல் இருக்க, ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவி, தலைக்கடியில் ஒரு நைலான் வாஷர் கொடுங்கள்.

வண்டி ஓட ஆரம்பித்த பிறகு

வெளியூர்க்காரர்கள் எழுதுகிற பாலிஷ் குறிப்புகளில் இந்தப் பகுதி இரண்டு வரியில் முடிந்துவிடும், நம் பக்கம் முடியாது. திசையன்விளை, குட்டம் பக்கம் தேரியில் (செம்மணல் மேட்டில்) ஓடிவிட்டு வந்தால் கவரின் மேல் செம்மண் பொடி படிந்திருக்கும். அதை அப்படியே துணியால் துடைத்தால் பேப்பர் போட்ட மாதிரிதான், அந்த மணல் குவார்ட்ஸ். முதலில் தண்ணி ஊற்றி ஓடவிட்டு, அப்புறம்தான் துணி. ஆனி, ஆடியில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்றுக்கும் இதே முறை. குற்றாலம் சாரலில் நனைந்து வந்தால் பயமில்லை, அது மழைத்தண்ணி. வீட்டில் போர் தண்ணியை ஊற்றி வெயிலில் காயவிடுவதுதான் மோசம், சுண்ணாம்புத் திட்டு வட்டம் வட்டமாக ஒட்டிக்கொள்ளும். ஆற்றுத் தண்ணி வருகிற குழாயாகப் பார்த்துப் பிடித்து வையுங்கள், இல்லையென்றால் கழுவின கையோடு துடைத்துவிடுங்கள்.

திருச்செந்தூருக்கு சூரசம்ஹாரம் பார்க்கப் போனாலும் சரி, குலசை தசராவுக்குப் போனாலும் சரி, கடற்கரைப் பக்கம் நிறுத்தினால் வீடு வந்த அன்றைக்கே நல்ல தண்ணியில் அலசிவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் ராத்திரி ஈரத்தில் உப்பு வேலையைத் தொடங்கிவிடும். கடலோரத்தில் குடியிருப்பவர்கள் வாரத்துக்கு ஒரு அலசல், மாதம் ஒரு மெழுகு. பாளையங்கோட்டைக்காரர்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு மெழுகு போதும். வாட்டர் சர்வீஸில் விட்டால், சைலன்சர் கறை எடுக்க ஆசிட்டோ காரக் கரைசலோ வைத்திருந்தால் எஞ்சின் பக்கம் கொண்டுவர வேண்டாம் என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் என்னிடம் வருகிற கவர்களில் மூன்று பட்டை விபூதியும் நடுவில் குங்குமமும் அச்சாகப் பதிந்திருக்கும். விபூதி சாம்பல், அது காரம். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துச் செய்த குங்குமமும் காரம். ஈரச் சந்தனத்தோடு சேர்ந்து ராத்திரி முழுக்க வெறும் அலுமினியத்தில் உட்கார்ந்தால் படலத்தைக் கரைத்துத் தடம் வைத்துவிடும். டயருக்கடியில் நசுங்கிய எலுமிச்சை தெறித்த புள்ளிகளும் அப்படியே. சாமி கும்பிட வேண்டாம் என்று யார் சொன்னது? பொட்டை டேங்கிலும் ஹெட்லைட்டிலும் வையுங்கள், எலுமிச்சை தெறித்த பக்கத்தை அன்றைக்கே துடையுங்கள்.

வெளிநாடு போகிற பையன்கள் வண்டியை இரண்டு வருடம் நிறுத்திவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு: மெழுகைப் பூசி, துடைத்து எடுக்காமல் அப்படியே காயவிட்டுவிடுங்கள். போல்ட் தலைகளில் மெல்லிசாக மெஷின் ஆயில் தடவுங்கள். பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடாதீர்கள், உள்ளே வேர்த்து அந்த ஈரம் கவரிலேயே நிற்கும். பழைய காட்டன் வேட்டி போதும். பேட்டரியைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். உர மூட்டை அடுக்கிய அறையிலோ மாட்டுக் கொட்டகையை ஒட்டியோ வண்டியை நிறுத்த வேண்டாம், உரத்தின் உப்பும் மூத்திரத்தின் அம்மோனியாவும் சும்மா விடாது. வீட்டில் இருக்கிற யாரிடமாவது சொல்லி, ஐப்பசிக்கு முன்னால் ஒரு தடவை, தைக்குப் பிறகு ஒரு தடவை வேட்டியை எடுத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் மெட்டல் பாலிஷ் போட்டுத் துடைத்து, திரும்ப மெழுகைத் தடவிவிட்டால் போதும்.